பாய்லர் வாங்குமுன் வீட்டை அளந்து பாருங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் எண்ணெய் பாய்லர்கள் பெரும்பாலும் நடுக்குளிர்காலத்தில்தான் பழுதாகின்றன. அவற்றுக்கு வேலை அதிகம் உள்ள காலம் அது. வெளியே உறைபனி. குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடுமோ என்ற கவலை வீட்டில். அந்த நேரத்தில் வந்து நிற்கும் ஒப்பந்தக்காரர் பழைய பாய்லரின் தகட்டைப் படித்து, அதே அளவில் புதியது ஒன்றுக்கு விலை சொல்கிறார். இன்னும் சில ஆயிரம் டாலர் கொடுத்தால் ‘ஹை எஃபிஷியன்சி’ மாடல் கிடைக்கும் என்று ஒரு விளம்பரத் தாளையும் நீட்டுகிறார். அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அந்த வீடு எவ்வளவு எண்ணெய் எரிக்கும் என்பது அந்த அரைமணி நேரப் பேச்சில் முடிவாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பேச்சில் முன்னிறுத்தப்படும் திறன் சதவீதம், செலவைத் தீர்மானிக்கும் காரணங்களில் நான்காவதுதான். வீட்டின் வெப்ப இழப்பு எவ்வளவு, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு எவ்வளவு, பாய்லர் எரியாமல் சும்மா இருக்கும் நேரத்தில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது ஆகிய மூன்றும்தான் பணத்தையும் எண்ணெயையும் முடிவு செய்கின்றன. விளம்பரத் தாளில் பெரிதாக அச்சிட்டிருக்கும் சதவீதம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது.

அமெரிக்காவில் ஏறக்குறைய 50 லட்சம் வீடுகள் இன்னும் ஹீட்டிங் ஆயிலை எரித்தே குளிரைக் கழிக்கின்றன. இவற்றில் பெரும்பங்கு வடகிழக்கில் இருக்கிறது. மேய்ன் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இதுதான் முதன்மை எரிபொருள். வேறெந்த மாநிலத்திலும் இந்த விகிதம் இவ்வளவு உயரமில்லை. இயற்கை எரிவாயுக் குழாய் போய்ச் சேராத சிற்றூர்களும் பழைய புறநகர்களும் இங்கே ஏராளம். பாஸ்டனைச் சுற்றியும் கனெக்டிகட்டிலும் வீடு வாங்கும் தமிழர்களில் சிலர், பேஸ்மென்ட்டில் 275 கேலன் எண்ணெய்த் தொட்டியையும் அதன் பக்கத்தில் கனத்த வார்ப்பிரும்பு பாய்லரையும் வீட்டோடு சேர்த்தே வாங்குகிறார்கள். 2022 இலையுதிர் காலத்தில் ஒரு கேலன் விலை 5 டாலரைத் தாண்டியபோது, அதுவரை கண்ணில் படாமல் இருந்த அந்த இயந்திரம் குடும்ப வரவுசெலவின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் அந்தச் சதவீதத்தைப் பார்த்துவிடுவோம். அதன் பெயர் ஏ.எஃப்.யு.இ. ஓராண்டில் எரித்த எரிபொருளில் எத்தனை சதவீதம் பயனுள்ள வெப்பமாக மாறுகிறது என்பதைக் காட்டும் மதிப்பீடு. எண்ணெயில் இயங்கும் வெந்நீர் பாய்லருக்கு மத்திய அரசு விதித்த குறைந்தபட்ச அளவு 2012இல் 84 ஆகவும், 2021 ஜனவரியில் 86 ஆகவும் உயர்ந்தது. ஆகவே இன்று கடையில் கிடைக்கும் சாதாரண பாய்லர் 86, 87இல் தொடங்குகிறது. கண்டென்சிங் வகை எனப்படும் உயர்திறன் பாய்லர்கள் தொண்ணூறுகளில் நிற்கின்றன. ஆனால் இந்த எண் ஆய்வகத்தில் பிறக்கிறது. சோதனையின்போது பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீரின் சூடு சுமார் 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 49 டிகிரி செல்சியஸ். வடகிழக்கு வீடுகளில் சுவரோரமாக ஓடும் பேஸ்போர்டு ரேடியேட்டர்களோ 180 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 82 செல்சியஸ் தண்ணீரை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. அவற்றில் சுற்றி வரும் தண்ணீர் 160 டிகிரி, அதாவது 71 செல்சியஸ் சூட்டில் பாய்லருக்குத் திரும்புகிறது. சோதனைக்கும் வீட்டுக்கும் இடையே 22 செல்சியஸ் வேறுபாடு இருக்கிறது. கண்டென்சிங் பாய்லரின் பலன் முழுவதும் இந்த இடைவெளியில்தான் காணாமல் போகிறது.

காரணம் எளிய இயற்பியல். எண்ணெயில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது நீராவி உண்டாகிறது. அந்த நீராவியைப் புகையோடு சிம்னிக்கு அனுப்பாமல் பாய்லருக்குள்ளேயே குளிர்வித்துத் தண்ணீராக்கினால், அதில் ஒளிந்திருக்கும் வெப்பத்தை மீட்கலாம். கண்டென்சிங் பாய்லர் செய்யும் வேலை இதுதான். ஆனால் இயற்கை எரிவாயுவைவிட எண்ணெயில் ஹைட்ரஜன் குறைவு. எரிவாயுவில் இப்படி மீட்கக்கூடிய வெப்பம் மொத்தத்தில் சுமார் 10 சதவீதம். எண்ணெயில் 6 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. தவிர, எரிவாயுப் புகையிலுள்ள நீராவி 57 செல்சியஸுக்குக் கீழே தண்ணீராகத் தொடங்கும். எண்ணெய்ப் புகையில் அது 47 செல்சியஸை ஒட்டித்தான் தொடங்கும். 71 செல்சியஸில் தண்ணீர் திரும்பி வரும் ஒரு வீட்டில் எண்ணெய்ப் புகை எப்படிக் குளிரும்? கடுங்குளிர் நாள்களில் ஒரு துளிகூடத் தண்ணீராகாது. நீராவியைக் குளிர்விப்பதற்கென்றே வைத்திருக்கும் விலை உயர்ந்த இரண்டாவது வெப்பமாற்றி அப்போது பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

பிரிட்டனில் எண்ணெய் பாய்லர்கள் கண்டென்சிங் வகையாகவே இருக்கவேண்டும் என்று 2007இலேயே சட்டம் வந்துவிட்டதே, அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே ரேடியேட்டர்கள் அகன்ற எஃகுத் தகடுகள். அவற்றைப் பெரிதாகப் பொருத்தி, குறைந்த சூட்டுத் தண்ணீரில் ஓட்டுவது எளிது. தரைக்கடியில் குழாய் பதித்த வீடுகளில் இது இன்னும் எளிது. அதே பாய்லரை 82 செல்சியஸ் கேட்கும் பேஸ்போர்டோடு இணைத்தால் அதே பலன் வராது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஐரோப்பிய விளம்பரங்களில் நெடுங்காலமாக 100 சதவீதத்துக்கும் மேலான திறன்கள் அச்சானதற்குக் காரணம், நீராவியின் மறைவெப்பத்தைக் கணக்கில் சேர்க்காத எரிபொருள் மதிப்பை வைத்து வகுத்ததுதான். அமெரிக்க எண்ணும் ஐரோப்பிய எண்ணும் வெவ்வேறு அடித்தளத்தில் நிற்பவை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு யாரும் பணம் கட்டிவிடக்கூடாது. தரைக்கடிக் குழாய்களோ, அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய பழைய வார்ப்பிரும்பு வெந்நீர் ரேடியேட்டர்களோ உள்ள வடகிழக்கு வீடுகளுக்குக் கண்டென்சிங் வகை பொருந்தும். அங்கே அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமில்லை. முன்பு தடையாக இருந்த கந்தகமும் இப்போது விலகிவிட்டது: நியூயார்க் 2012இலும், நியூ இங்கிலாந்து மாநிலங்கள் 2018 ஜூலைக்குள்ளும் ஹீட்டிங் ஆயிலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 15 பங்காகக் கட்டுப்படுத்திவிட்டன. இதனால் சாதாரண பாய்லருக்கும் ஆதாயம்தான். வெப்பமாற்றியில் படியும் கசடு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இப்போது பணக்கணக்கு. ஆண்டுக்கு 1,000 கேலன் எரிக்கும் ஒரு வீட்டில், பழைய பாய்லரின் உண்மையான ஆண்டுத்திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 87 சதவீதப் பாய்லருக்கு மாறினால் தேவை 805 கேலன். மிச்சம் 195 கேலன். கேலன் 4 டாலர் என்றால் ஆண்டுக்கு 780 டாலர். ஒரு கேலன் ஹீட்டிங் ஆயில் எரிந்தால் 10 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டைஆக்ஸைடு வெளியேறுகிறது; ஆகவே ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் குறையும். அதற்கு மேல் 95 சதவீதப் பாய்லருக்குப் போனால் தேவை 737 கேலன். கூடுதல் மிச்சம் 68 கேலன், 272 டாலர். அதுவும் புகை முழுதாகக் குளிர்ந்தால்தான். பேஸ்போர்டு வீட்டில் இதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். அதற்காகக் கொடுக்கவேண்டிய கூடுதல் விலை, அமிலத்தன்மையுள்ள கழிவுநீரை நடுநிலையாக்கும் அமைப்பு, ஆண்டுதோறும் இன்னொரு வெப்பமாற்றியைச் சுத்தம் செய்யும் செலவு எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் எழுதிப் பார்த்தால், பெரிய லாபம் பழையதிலிருந்து 87க்குத் தாவுவதில் இருப்பது தெரியும். 87இலிருந்து 95க்குப் போவதில் அவ்வளவு இல்லை.

‘என் பாய்லரின் திறன் 70 என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சர்வீஸ் செய்தவர் கட்டிவிட்டுப் போன அட்டையில் 82 என்று இருக்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. அட்டை பொய் சொல்லவில்லை. பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போது புகைக்குழாயில் கருவியைச் செருகி அளந்த திறன் அது. பர்னர் அணைந்த பிறகு என்ன நடக்கிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அப்போது பாய்லருக்குள் இருக்கும் சூடான இரும்பும் தண்ணீரும் சிம்னி வழியாகவும் பேஸ்மென்ட் காற்றிலும் மெல்ல மெல்ல வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கின்றன. லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம், வீட்டைச் சூடாக்குவதையும் குளியல் வெந்நீரையும் ஒரே அமைப்பாக வைத்து எண்ணெய் பாய்லர்களைச் சோதித்து 2007இல் அறிக்கை தந்தது. இந்தச் சும்மா இருக்கும் நேர இழப்பை ஏ.எஃப்.யு.இ. சரியாகக் காட்டுவதில்லை என்பது அதில் தெளிவாயிற்று. வாங்குபவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பது என் கருத்து.

இழப்பு மிகுதியாக இருப்பது கோடையில். பழைய பாய்லர்களில் பலவற்றுக்குள் ‘டேங்க்லெஸ் காயில்’ என்ற செப்புச்சுருள் இருக்கும். குளிக்கும் தண்ணீர் அதன் வழியாக ஓடிச் சூடாகிறது. அதற்காக ஜூலை மாதத்திலும் பாய்லர் இரவுபகலாகச் சூட்டோடு காத்திருக்கவேண்டும். மணிக்கு 1 கேலன் எரிக்கும் பர்னர் உள்ள பாய்லர், சும்மா இருக்கையில் தன் கொள்ளளவில் 3 சதவீதத்தை இழக்கிறது என்று கொண்டால், நாளுக்கு 0.72 கேலன் வீண். கோடையின் 120 நாளில் 86 கேலன். கண்டென்சிங் பாய்லர் ஓராண்டு முழுக்க மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லும் 68 கேலனைவிட இது அதிகம்! தீர்வு சிக்கலானதன்று. நன்றாக வெப்பக்காப்பிட்ட தனித் தொட்டி ஒன்றில் வெந்நீரைச் சேமித்து, பாய்லரை நாளில் ஓரிரு முறை மட்டும் எழுப்பினால் போதும். தொட்டி சூடானதும் பாய்லரில் மிஞ்சிய வெப்பத்தையும் தொட்டிக்கே தள்ளிவிட்டு, பாய்லரைக் குளிர விட்டுவிடும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் கிடைக்கின்றன. வெளிக் காற்றின் சூடு போன்றவற்றைக் கொண்டு தேவையைக் கணித்துப் பாய்லர் நீரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி வசதி 2012 முதல் மத்திய விதிப்படி கட்டாயம். டேங்க்லெஸ் காயில் உள்ள பாய்லர்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு தந்திருக்கிறார்கள். அந்த விலக்கே அந்த வகையைத் தவிர்ப்பதற்குப் போதுமான காரணம்.

அடுத்தது அளவு. வடகிழக்கில் எண்ணெய் விநியோகிப்பவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ‘கே-ஃபேக்டர்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறதோ அது அன்றைய டிகிரி-நாள். ஒரு கேலனில் எத்தனை டிகிரி-நாள்களை உங்கள் வீடு கடக்கிறது என்பதே கே-ஃபேக்டர். தொட்டி எப்போது காலியாகும் என்று கணித்து லாரியை அனுப்புவதற்காக வைத்திருக்கும் கணக்கு இது. ஆனால் வீட்டின் வெப்ப இழப்பும் இதற்குள்ளேயே இருக்கிறது. எண்ணெய் ரசீதை எடுத்துப் பாருங்கள், பலவற்றில் இது அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் நிறுவனத்தைக் கேட்டால் சொல்வார்கள். எண் 6 என்று கொள்வோம். ஒரு கேலனில் 138,500 பி.டி.யு. வெப்பம். பாய்லரின் திறனைத் தாராளமாக 80 சதவீதம் என்று வைத்தால் வீட்டுக்குப் போவது 110,800. அதை ஆறால் வகுத்து, பிறகு 24 மணி நேரத்தால் வகுத்தால், டிகிரிக்கு மணிக்கு 769 பி.டி.யு. வெளியே பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 18 செல்சியஸ் இருக்கும் இரவில்கூட 65 டிகிரி இடைவெளிக்கு மணிக்கு 50,000 பி.டி.யு. போதும். பேஸ்மென்ட்டில் இருக்கும் பழைய பாய்லரோ மணிக்கு 1 கேலன் எரித்து 110,000க்கு மேல் தருவது. தேவையைவிட இருமடங்குக்கும் மேல். இதே அளவில் புதியதை மாட்டினால் பழைய தவற்றுக்கு இன்னொரு கால்நூற்றாண்டு ஆயுள் கொடுத்ததாகிவிடும்.

அளவு கூடினால் என்ன நஷ்டம், கடுங்குளிரில் கைகொடுக்குமே என்பது பரவலான எண்ணம். மேற்சொன்ன வீட்டில் சாதாரணக் குளிர்கால நாள் ஒன்றில், வெளியே 30 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது, தேவை மணிக்கு 27,000 பி.டி.யு. பெரிய பாய்லர் ஒரு மணி நேரத்தில் கால்மணிக்கும் குறைவாகவே எரியும். அதுவும் தொடர்ந்து எரியாது. சில நிமிடம் எரிந்து அணைந்து, மறுபடி எரிந்து அணையும். ஒவ்வொரு தோசைக்கும் அடுப்பை அணைத்து, கல் ஆறியபின் திரும்ப மூட்டுவது போன்ற விரயம் இது. பல எரிவாயு பாய்லர்கள் தேவைக்கேற்பத் தீயைக் குறைத்துக்கொள்ளும். வீட்டு எண்ணெய் பர்னர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. நாசிலின் துளை எதுவோ அதுதான் தீயின் அளவு. துளையை மிகவும் சிறிதாக்கினால் கசடு அடைத்துக்கொள்ளும் என்பதால் மணிக்கு அரை கேலனை ஒட்டியே சிறிய பாய்லர்கள் நிற்கின்றன. அந்த அரை கேலன் பாய்லர் 87 சதவீதத் திறனில் 60,000 பி.டி.யு. தருகிறது. நம் வீட்டின் மோசமான இரவுக்குத் தேவையான 50,000ஐ இது தாண்டிவிடுகிறது. குளியல் தண்ணீருக்குப் போதுமா? மணிக்கு 100 கேலன் தண்ணீரை 70 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்த இந்த 60,000 போதும். ஆறு பேர் உள்ள வீட்டிலும் சேமிப்புத் தொட்டியோடு சேர்த்தால் தட்டுப்பாடு வராது. ஒரு விலக்கைச் சொல்லியாகவேண்டும்: வெந்நீருக்குப் பதில் நீராவி ஓடும் பழைய வீடுகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வீட்டின் இழப்பைப் பார்க்காமல், பொருத்தியிருக்கும் ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாக எண்ணி அளந்து பாய்லரைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

அளவு வீட்டைப் பொறுத்தது என்றால், வீட்டைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. பரணில் காற்று ஒழுகும் இடங்களை அடைத்து, மேல்கூரைக்கு வெப்பக்காப்புப் போட்ட பிறகு அளந்தால் தேவை இன்னும் குறையும், பாய்லரும் சிறிதாகும். வரிசை மாறினால், பாய்லர் வந்தபிறகு வீடு மேம்பட்டு, பாய்லர் மறுபடி பெரிதாகிப் போய்விடும். மாசசூசெட்ஸில் மாஸ் சேவ் திட்டத்தின்கீழ் வீட்டு ஆற்றல் மதிப்பீட்டைக் கட்டணமின்றிச் செய்துதருகிறார்கள். கண்டென்சிங் மாடலுக்கென்று ஒதுக்கிய பணத்தைப் பரணில் செலவழிப்பது பெரும்பாலான வீடுகளில் கூடுதல் பலன் தரும்.

சிம்னியைப் பற்றி ஒப்பந்தக்காரர்கள் சிலர் விலை பேசும்போது வாய்திறப்பதில்லை. பழைய பாய்லரின் புகை மிகச் சூடானது. அகன்ற செங்கல் சிம்னியை அது உலர்வாகவே வைத்திருந்தது. புதிய 87 சதவீதப் பாய்லரின் புகை அதைவிடக் குளிர்ந்தது. அகன்ற, குளிர்ந்த சிம்னிக்குள் அது ஈரமாகப் படிந்து, நாளடைவில் சாந்தைத் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுக்குழாயை உள்ளே இறக்குவதற்கான செலவு விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பர்னரும் அதன் ரப்பர் அடைப்புகளும் பயோடீசல் கலப்புக்குச் சான்று பெற்றவையா என்பதையும் கேட்கவேண்டும். கலப்பைப் படிப்படியாகக் கூட்டும் சட்டங்களை ரோட் ஐலண்டும் கனெக்டிகட்டும் 2021இல் இயற்றிவிட்டன. பி20 எனப்படும் 20 சதவீத பயோடீசல் கலப்பைத் தாங்காத இயந்திரத்தை இன்று வாங்குவதில் பொருளில்லை.

எல்லாவற்றையும்விட வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. இந்தக் காலத்தில் எண்ணெய் பாய்லரே எதற்கு, ஹீட் பம்ப் போடலாமே என்பது. எண்ணெய்க்குப் பேர்போன அதே மேய்ன் மாநிலம், 2025க்குள் ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்று 2019இல் இலக்கு வைத்து, 2023லேயே அதை எட்டிவிட்டது. கடுங்குளிரிலும் இயங்கும் ஹீட் பம்புகள் இன்று வெறும் பேச்சல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். முழுதாக மாற முடிந்தவர்கள் மாறட்டும். புவி வெப்பமாதல் பற்றிய அக்கறை உள்ள எவரும் அதைத் தடுக்கக்கூடாது. ஆனால் மின்கட்டணம் மிக உயர்ந்த பகுதிகளும், மின்இணைப்பின் திறனைக் கூட்டாமல் மாறமுடியாத வீடுகளும், கையில் இப்போதைக்குப் பணம் இல்லாத குடும்பங்களும் இருக்கத்தான் செய்கின்றன. ஹீட் பம்பைப் பொருத்திவிட்டு, கடுங்குளிர் நாள்களுக்காக எண்ணெய் பாய்லரை வைத்துக்கொள்வோரும் பலர். அந்த நிலையில் என் வாதம் வலுக்கத்தான் செய்கிறது. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே எரியப்போகும் பாய்லருக்குக் கண்டென்சிங் மாடலின் கூடுதல் விலை திரும்பவே திரும்பாது. சிறிய, எளிய, சும்மா இருக்கையில் குளிர்ந்துவிடும் பாய்லர்தான் அங்கே பொருத்தம். நாளை ஹீட் பம்புக்குப் போகப்போகிறவர் இன்று பாய்லரில் பெரும்பணத்தை முடக்குவது, மாறவேண்டிய காலத்தைத் தள்ளிப்போடுவதில்தான் முடியும்.

ஆகவே பேஸ்போர்டு உள்ள சராசரி வடகிழக்கு வீட்டுக்கு என் தீர்ப்பு இது: 87 சதவீதத்தை ஒட்டிய, கண்டென்சிங் அல்லாத பாய்லர். மணிக்கு அரை கேலனோ அதை ஒட்டிய அளவோ எரிக்கும் நாசில். தனி வெந்நீர்த் தொட்டி. வெளிச்சூட்டைப் பார்க்கும் கட்டுப்பாடு. சிம்னிக்குள் எஃகுக்குழாய். உங்கள் பாய்லர் இருபது வயதைத் தாண்டிவிட்டதென்றால் ஜனவரிக்காகக் காத்திராதீர்கள். மே, ஜூன் மாதங்களில் மூன்று ஒப்பந்தக்காரர்களை வரவழையுங்கள். அறைவாரியாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டு எழுத்தில் தருமாறு கேளுங்கள். நீங்கள் ரசீதிலிருந்து போட்ட கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கே தேவையில்லை, பழைய தகட்டில் இருப்பதையே போட்டுவிடலாம் என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.